சீனக் கொழுக்கட்டைக் கடையில் ஒரு சம்பந்தம்

நார்வேயில் என்ன பார்த்தீர்கள் என்று ஊரில் யார் கேட்டாலும், "ஒரு மாப்பிள்ளையைப் பார்த்தேன்" என்றுதான் சொல்வேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டு, பனிமலை, கடல், கப்பல் என்று விசாரிப்பார்கள். அதையெல்லாமும் கொஞ்சம் பார்த்தேன். ஆனால் ஆஸ்லோ என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, கண்ணாடி ஜன்னலில் ஆவி படிந்த ஒரு சின்னச் சீனக் கடைதான். என் அக்கா மகள் கவிதாவின் கல்யாணம் அங்கேதான் ஒரு தட்டுக் கொழுக்கட்டைக்கு முன்னால் முறியப் பார்த்தது.

விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டாக் கடை வைத்திருப்பவன் நான். கவிதா கம்ப்யூட்டர் கம்பெனி வேலையாக ஆஸ்லோவுக்குப் போன இரண்டாம் வருஷம், இலங்கைத் தமிழ்ப் பையன் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று போனில் சொன்னாள். அத்தான் காலமாகிவிட்டார். எல்லா முடிவும் அக்கா தலையில். மறுநாள் காலையில் கடைக்கே வந்து கல்லாப் பக்கத்தில் நின்றாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வா."

"நார்வேக்கா?"

"தாய்மாமன் போகாம வேற யாரு போவா? பையன் கரண்ட் வேலை பாக்கானாம். வயர்மேன். எம்பொண்ணு எம்.சி.ஏ. படிச்சிருக்கா. சொந்த ஊரு எதுன்னு கேட்டா, சண்டையில எல்லாம் போச்சு, இப்ப அங்க யாருமில்லைங்கா. ஆபீஸ் உத்தியோகமும் இல்ல, ஊரும் இல்ல. நாளைக்கு நாலு பேரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? நீ போயி அவங்க மூஞ்சியப் பாத்து விசாரி. சரிப்படலன்னா பிள்ளையக் கையோட கூட்டிட்டு வந்துரு."

விமானக் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

கவிதா ஸ்டோவ்னரில் குடியிருந்தாள். ஆஸ்லோவின் கிழக்கு ஓரம். உயர உயரமாக அடுக்குமாடிகள், அவற்றின் காலடியில் ஒரு பெரிய கடை வளாகம். போய் இறங்கியதும் என்னைத் திடுக்கிட வைத்தது குளிர் அல்ல. ஆகஸ்ட் மாதம், எங்கள் ஊர் மார்கழி அளவுக்குத்தான் இருந்தது. ஒரு தெரு முழுக்க வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு வீட்டிலிருந்தும் தாளிக்கிற வாசம் வரவில்லை. சாயங்கால நேரம். மனிதர்கள் பசியோடு வீடு திரும்புகிற நேரம். என் தொழில் புத்திக்கு அது அபசகுனமாகப் பட்டது.

"இவங்கல்லாம் என்னத்தச் சாப்பிடுறாங்க?"

"ரொட்டி மாமா. மத்தியானமும் ரொட்டிதான். ராத்திரிக்கு மட்டும் ஏதாவது சூடா."

அவள் வீட்டு ஃப்ரிட்ஜில் பழுப்பு நிறத்தில் செங்கல் மாதிரி ஒன்று இருந்தது. இந்த ஊர்ப் பாலாடைக்கட்டியாம். அதைச் சீவுவதற்கென்றே நடுவில் பிளவு விட்ட ஒரு கரண்டி. ஒரு சீவலை வாயில் போட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அடிபிடிக்க விட்டு, கோபத்தில் உப்பையும் அள்ளிப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே கால்வாசியைத் தின்றுவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பையனின் அப்பாவுக்கு நானே போன் செய்தேன். பெயர் சிவநேசன், பஸ் ஓட்டுகிறார், இருபது வருஷத்துக்கு முன்னால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்று கவிதா சொல்லி வைத்திருந்தாள். குரல் நிதானமாக இருந்தது. வானொலியில் செய்தி வாசிக்கிறவரைப் போல ஒவ்வொரு சொல்லையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார்.

"நாளைக்கே சந்திக்கலாமேங்க," என்றேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் வெள்ளியிலை மச்சம் சாப்பிடுறேல்லை."

என் கை தானாக என் தாடை மச்சத்துக்குப் போனது. மற்ற நாட்களில் சாப்பிடுவார்களா? போனைக் கையால் பொத்திக்கொண்டு கவிதாவைப் பார்த்தேன். அவள் வாயை மூடிச் சிரித்தாள். "கறி, மீன் மாமா! அவங்க அசைவத்த அப்படித்தான் சொல்லுவாங்க."

சனிக்கிழமை என்று முடிவானது. எங்கே என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

"வீட்டை கூப்பிட்டா, எல்லாம் முடிஞ்சுது எண்டு சனம் கதைச்சுப்போடும். தமிழ்க் கடைக்குப் போனா அதுக்கு முன்னமே கதைச்சுப்போடும். கிரோன்லாண்டிலை ஒரு சீனக் கடை இருக்காம், பிள்ளையளுக்குப் பிடிச்ச இடமாம். அங்கை எங்கட ஆக்கள் வரமாட்டினம். ஆறுதலா இருந்து கதைப்பம்."

ஆறுதலா? போனை வைத்த பிறகும் அந்தச் சொல் உறுத்தியது. எங்கள் பக்கம் ஆறுதல் சொல்வது துக்க வீட்டில். சம்பந்தம் பேச வந்தவனுக்கு எதற்கு ஆறுதல்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு முதுகில் தட்டி அனுப்பப் போகிறாரோ என்று நினைத்தேன். கவிதா அதற்குள் ஆபீஸ் வேலையில் மூழ்கிவிட்டாள். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் ஆபீஸ் போனதும், அந்தக் கடையை முன்கூட்டியே ஒரு நோட்டம் விட்டு வரலாம் என்று கிளம்பினேன். பெண் பேசப் போகிற இடத்தைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. தொழில் ஆர்வமும் கொஞ்சம். இங்கே நகர ரயிலுக்குத் தேபானெ என்று பெயர். ஏறியவர்கள் எல்லோரும் கோயிலில் சந்நிதி திறக்கக் காத்திருப்பவர்களைப் போல வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் பக்கத்தில் இருந்தவரிடம் "ஃபைன் வெதர்" என்றேன். அவர் எழுந்து கதவருகில் போய் நின்றுகொண்டார்.

கிரோன்லாண்டில் கடையைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சமையல்காரர் மாவை இழுத்துக்கொண்டிருந்தார். புஜத்தின் தடிமனுக்கு இருந்த மாவை இரண்டு கைகளிலும் பிடித்து இழுப்பார், மடிப்பார், முறுக்குவார், பலகையில் அறைவார், மறுபடி இழுப்பார். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, கண் மூடித் திறப்பதற்குள் அவர் கையில் ஒரு நூல்கண்டே தொங்கியது. எங்கள் கடை மாஸ்டர் பரோட்டா வீசுவதைப் பார்க்கத் தெருவில் ஆள் நிற்பார்கள். இங்கே நான் ஒருவன்தான் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் ஜன்னலுக்கு வெளியே இல்லாத மாவை எடுத்து, இல்லாத கல்மேல், காற்றில் ஒரு வீச்சு வீசிக் காட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பெரிய கும்பிடு மாதிரி தலையைக் குனிந்தார். அந்த ஊரில் முதல்முதலாக ஒருவரோடு முழுசாகப் பேசிய திருப்தி எனக்கு.

அந்த மகிழ்ச்சியில் வந்த ரயிலில் ஏறிவிட்டேன்.

ஸ்டோவ்னர் வரவே இல்லை. கடைசி நிலையம் என்று எல்லோரும் இறங்கினார்கள். பாறையைக் குடைந்து கட்டிய பாதாள நிலையம். கவிதாவின் பழைய செல்போன் என்னிடம் இருந்தது. அழைத்தேன்.

"போர்டுல என்ன எழுதிருக்கு மாமா? ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுங்க."

சொன்னேன்.

"ஐயோ! அது எல்லிங்ஸ்ருட். அவங்க வீடு அங்கதான். சுத்தி முழுக்க அவங்க சொந்தக்காரங்க. அங்கேயே நில்லுங்க, எங்கயும் போகாதீங்க. நான் மீட்டிங்ல இருக்கேன், யாரையாவது அனுப்புறேன்."

பேச்சுவார்த்தைக்கு முதல்நாள் சம்பந்தி வீட்டு வாசலில் வழி தெரியாமல் நிற்பதைப் போல அவமானம் உண்டா? கோட் பைக்குள் இருந்த மங்கி கேப்பை எடுத்துக் கண் மட்டும் தெரிகிற மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். எதிர்ப் பெஞ்சில் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகள். ரயில் வந்தது, அவர்கள் ஏறவில்லை. அடுத்த ரயில் வந்தது, அதிலும் ஏறவில்லை. என்னைப் பார்ப்பதும், நான் பார்த்தால் கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். போலீசைக் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்து, கேப்பை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் இடுப்பில் கருவிப் பட்டை, தூசி படிந்த வேலைக் கால்சட்டை, கனத்த பூட்ஸோடு ஒரு பையன் படியிறங்கி ஓடிவந்தான். கறுத்த, ஒல்லியான முகம். "கவிதாவின்ர மாமாவோ?" என்றான். கஜன். மாப்பிள்ளையை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். அவன் என்னை முதலில் பார்த்தது மங்கி கேப்பில்.

கிழவிகள் இருவரும் அவனிடம் வந்து ஏதோ சொன்னார்கள். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொன்னான்.

"என்ன தம்பி, கம்ப்ளெய்ன்டா?"

"இல்லை. உங்களுக்குச் சுகமில்லையோ எண்டு பயந்தவையாம். கிட்ட வந்து கேக்கக் கூச்சமாம். அதாலை தங்கட ரயிலை விட்டிட்டு, ஆராவது வாற வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தவை."

அந்த ஊர்க்காரர்களைப் பற்றி ரயிலில் நான் நினைத்ததையெல்லாம் பாதி திரும்ப வாங்கிக்கொண்டேன்.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை நடக்கிறது, அங்கிருந்து வந்தேன் என்றான். அவனுடைய வேனில் வயர்ச் சுருள்களுக்கு நடுவே இடம் ஒதுக்கி உட்கார வைத்தான். சாப்பிட்டீர்களா என்று கேட்டு, தன் மத்தியான ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைத் தந்தான். உள்ளே அந்தப் பழுப்புச் செங்கல். மறு பேச்சில்லாமல் தின்றேன். வழியெல்லாம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பெருமையாகச் சொல்லவில்லை. கவிதாவைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஸ்டோவ்னரில் இறக்கிவிடும்போது மட்டும், "மாமா எண்டு கூப்பிடலாமோ?" என்றான்.

"முடிவாகட்டும்," என்றேன் விறைப்பாக. வாயோரம் ரொட்டித் தூள் ஒட்டியிருந்ததைப் பிறகு கண்ணாடியில் பார்த்தேன்.

சனிக்கிழமை மழை. நான் வேட்டி கட்டி, மேலே கோட் போட்டுக்கொண்டு போனேன். சிவநேசன் கறுப்புக் கோட்டும் டையும் கட்டி, எங்களுக்கு முன்பே வந்து, கடை வாசலில் குடைபிடித்து நின்றார். "வாங்கோ ஐயா, வாங்கோ" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். கடையில் மற்றவர்கள் எல்லாம் பனியனும் ஜீன்ஸுமாக நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்து ஒரு மேசையில் பேச்சு நின்றது.

கடைக்காரம்மா சிச்சுவான்காரர் என்று கஜன் சொன்னான். "செஸ்வானா!" என்றேன். எங்கள் ஊர் ஃபாஸ்ட் ஃபுட் வண்டிகளில் செஸ்வான் ஃப்ரைடு ரைஸ் என்று செக்கச்செவேல் என்று ஒன்று தருவார்கள். எனக்குத் தெரிந்த சரக்கு என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைக்காரம்மா நார்வே மொழியில் கஜனிடம் கேட்டார், அவன் எங்களுக்குச் சொன்னான்: "உறைப்பு எப்பிடி வேணுமாம்? குறைவா, நடுத்தரமா, இல்லாட்டித் தாங்கள் வீட்டிலை சாப்பிடுற மாதிரியா?"

"யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூளிலை வளர்ந்த எங்களுக்கு என்ன," என்றார் சிவநேசன். "வீட்டிலை சாப்பிடுற மாதிரி."

பெண் வீட்டுக்காரன் பின்வாங்க முடியுமா? "விருதுநகர்க் கறி சாப்பிட்டிருக்கீங்களா? எனக்கும் அதேதான். முடிஞ்சா கொஞ்சம் தூக்கலாவே போடச் சொல்லு," என்றேன்.

கடைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டார். கஜன் அதை மொழிபெயர்க்கவில்லை. நான் வற்புறுத்தினேன்.

"பெரியாக்கள் ரெண்டு பேருக்கும் இருதய வருத்தம் ஒண்டும் இல்லையோ எண்டு கேக்கிறா," என்றான்.

உள்ளேயிருந்து மாவு இழுக்கும் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டு காற்றில் ஒரு பரோட்டா வீசினார். சிவநேசன் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?" என்றார் ஆச்சரியமாக. "தொழில் பழக்கம்," என்றேன்.

கொழுக்கட்டை வந்தது. சிவப்பு எண்ணெயில் பாதி முங்கி, ஓரம் மடித்து மடித்து அழகாகக் கிள்ளிய, உள்ளே கோழிக்கறி வைத்த கொழுக்கட்டை. பூரணம் வைத்து வேகவைத்ததைப் பிள்ளையாருக்குப் படைத்தே பழகிய எனக்கு, அதை மிளகாய் எண்ணெயில் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. குச்சியால் எடுக்கப் பார்த்தேன். அது வழுக்கிச் சிவநேசனின் டை வரை போய்த் திரும்பியது. கையால் எடுத்து வாயில் போட்டேன்.

முதலில் காரம். அது எனக்குப் பெரிதில்லை. அதன் பிறகு வேறொன்று வந்தது. உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. பிறகு ஊர்வது நின்று உதடே இல்லாமல் போனது. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவன் மாதிரி நாக்கைக் கடித்துப் பார்த்தேன், உணர்ச்சியில்லை.

"ஒன்பது வோல்ட் பேட்டரியை நக்கினது மாதிரி இருக்கும்," என்றான் கஜன், அனுபவஸ்தன். "அவையின்ர ஒரு வகை மிளகு. கொஞ்ச நேரத்திலை சரியாப்போடும்."

அந்த நேரம் பார்த்து அவனுக்கு அம்மாவிடமிருந்து போன். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து பஸ்ஸில் வருகிறாராம், குடை இல்லையாம். "நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்," என்று எழுந்தான். கவிதாவும் கூடவே எழுந்துவிட்டாள். சம்பந்திகள் இருவரும் ஒரு தட்டுக் கொழுக்கட்டையும் தனியே மிஞ்சினோம்.

சிவநேசன் இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஐயா, மறைக்காமல் சொல்லுறன். உங்கட பிள்ளையைப் பற்றி விசாரிச்சனான். அவவோட வேலை செய்யிற ஒரு பெடியனை எனக்குத் தெரியும். அவனிட்டைக் கேட்டன். 'அண்ணை, அந்தப் பிள்ளை அந்த மாதிரி' எண்டு சொன்னவன்."

அடுத்து எடுத்த கொழுக்கட்டையைத் தட்டிலேயே போட்டேன்.

"அவன் மட்டுமில்லை," என்றார் அவர் முகமெல்லாம் சிரிப்பாக. "கேட்ட எல்லாரும் அதைத்தான் சொன்னவை. அந்த மாதிரிப் பிள்ளை எண்டு. எனக்கு அப்பதான் மனம் நிறைஞ்சுது."

எங்கள் ஊரில் ஒரு பெண்ணை 'அந்த மாதிரி' என்று ஒருவன் சொன்னால், சொன்னவனின் பல் தரையில் கிடக்கும். இந்த மனிதர் டை கட்டிக்கொண்டு, நேருக்கு நேர், மனம் நிறைந்தது என்று சொல்கிறார்! நான் எழுந்து நின்றேன். கேட்க வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்தது. உதடு இல்லை. "யோவ், எம் பொண்ணப் பத்தி" என்று ஆரம்பித்தேன். வெளியே வந்தது, "ஓவ், எங் ஹொண்ண ஹத்தி."

"என்ன சொல்லுறியள்?" என்று அவர் காதைக் கொடுத்தார்.

மறுபடி முயன்றேன். எச்சில்தான் வழிந்தது. தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தேன். அது நெருப்பில் எண்ணெய் விட்ட கதையானது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் கொட்டியது. சிவநேசன் பதறிப்போய் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அக்கா மகளை நினைத்து நான் நெகிழ்ந்து அழுவதாக அவருக்கு எண்ணம்.

"ஐயா, அழாதேங்கோ. எனக்கு விளங்குது. ஆறுதலா, ஆறுதலா. ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

அவமானப்படுத்திவிட்டு ஆறுதல் வேறு. நாளைக்கே விமானம், பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தேன். பேசத்தான் முடியவில்லை. என் கையை அவர் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார், நான் உறுமிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் பார்த்து நெகிழ்ந்து போனார்கள் என்று நினைக்கிறேன். ஒரு பெண்மணி காகிதக் கைக்குட்டை கொண்டுவந்து தந்தாள்.

கதவு திறந்து மூவரும் வந்தார்கள். கஜனின் அம்மா, பரமேஸ்வரி, குட்டையான, வேக நடைக்காரர். மழைக் கோட்டைக் கழற்றி மாட்டினார், நேரே மூலையில் இருந்த குழாய்க்குப் போய் முழங்கை வரை கை கழுவினார், வந்து உட்கார்ந்தார். "பசி கண்ணை மறைக்குது, குறை நினைக்காதேங்கோ," என்று ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"ஐயோ அப்பா! பிள்ளையளுக்குப் பல்லு முளைக்கேக்கை அவிக்கிற எங்கட பல்லுக்கொழுக்கட்டையை ஆரோ களவெடுத்துக்கொண்டு சீனாவுக்குப் போட்டினம். இது அந்த மாதிரி!"

கொழுக்கட்டை எப்படி அந்த மாதிரி ஆகும்? கவிதாவின் காதருகில் குனிந்து, வாயைக் கையால் திருகித் திருகிக் கேட்டேன். மூன்று தடவை கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"மாமா! 'அந்த மாதிரி'ன்னா சூப்பர்னு அர்த்தம். பிரமாதம். ஏன்?"

"ஆறுதல்?" என்றேன். "ஆறுஹல்" என்று வந்தது.

"மெதுவா, அவசரமில்லாமன்னு அர்த்தம்."

நான் மேசையில் நெற்றியை வைத்துவிட்டேன். கவிதா என் முகத்தையும் அவர் முகத்தையும் பார்த்தாள். கெட்டிக்காரி, கண்டுபிடித்துவிட்டாள். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டதும் சிவநேசனின் முகம் கொழுக்கட்டை எண்ணெயின் நிறத்துக்கு வந்தது.

"கடவுளே! நான் அதை எத்தினை தரம் சொன்னன்?" என்றார்.

"எல்லாரும் சொன்னாங்கன்னு வேற சொன்னீங்க," என்றேன். வாய் கொஞ்சம் திரும்பியிருந்தது.

பரமேஸ்வரி அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, கஜன் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

நூடுல்ஸ் வந்தது. அதையும் வீட்டில் சாப்பிடுகிற மாதிரியே செய்திருந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சிவநேசன் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"ஒண்டு கேக்கவேணும். நாங்கள் அகதியா வந்த சனம். ஊரிலை வீடு இருந்தது, இப்ப சுவர்தான் நிக்குது. பெடியன் எலெக்ட்ரீசியன். இஞ்சை அது நல்ல வேலை. உங்கட பக்கம் எப்பிடிப் பாப்பினம் எண்டு எனக்குத் தெரியும், எங்கட பக்கமும் அப்பிடித்தான். நாளைக்கு உங்கட சொந்தக்காரர், மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன உத்தியோகம் எண்டு கேட்டா, என்ன சொல்லுவியள்? அந்தப் பிள்ளை உங்கட ஆக்களுக்கு முன்னாலை தலை குனியக் கூடாது. அதுக்காகத்தான் வீட்டை கூப்பிடாமல் இருந்தனான். வேண்டாம் எண்டு நீங்கள் சொன்னா, ஒருத்தருக்கும் தெரியாமல் போகட்டும் எண்டு."

அக்கா கேட்ட அதே கேள்வி. அவள் கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. இந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து, டையைச் சரிசெய்துகொண்டு கேட்கும்போது, வாயில் இருந்த நூடுல்ஸை விழுங்கிவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். கஜன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன்: பாஷை தெரியாத ஊரில் பாதாளத்தில் வழி தெரியாமல் நின்றேன். இந்தப் பையன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். தன் ரொட்டியில் பாதியைத் தந்தான். திரும்பக் கொண்டுவந்து வாசலில் விட்டான். அதைத்தான் சொல்வேன். ஊரைக் கேட்டால் ஆஸ்லோ என்பேன். வேலையைக் கேட்டால், வெளிச்சம் கொடுக்கிற வேலை என்பேன்.

என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே நல்ல பேச்சு அது. நூடுல்ஸ் தயவால் அதில் ஒரு சொல்கூட ஒருவருக்கும் புரியவில்லை.

"மாமா என்ன சொன்னவர்?" என்றார் சிவநேசன் மகனிடம்.

"ஒண்டும் விளங்கேல்லை அப்பா. ரொட்டி எண்டு ஏதோ."

"எனக்கு விளங்கினது," என்றார் பரமேஸ்வரி அம்மா. "அவர் ஓம் எண்டு சொல்லுறார்."

நான் தலையைப் பலமாக ஆட்டினேன். சிவநேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை ஐயா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "சம்பந்தி, இன்னும் கொஞ்சம் எடுங்கோ," என்றார்.

கடைசியில் தட்டில் ஒரே ஒரு கொழுக்கட்டை மிஞ்சியது. நான் அதைச் சிவநேசன் பக்கம் தள்ளினேன். "இல்லை இல்லை, நீங்கள்" என்று அவர் திருப்பித் தள்ளினார். கஜன் அம்மா பக்கம் தள்ளினான். கவிதா வேண்டாம் என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். தட்டு மேசையைச் சுற்றி வந்தது, கொழுக்கட்டை ஆறிப்போனது. கடைக்காரம்மா தட்டை எடுக்க வந்து, எங்கள் மரியாதை முடியட்டும் என்று நின்றுகொண்டார்.

பரமேஸ்வரி அம்மா அதைக் கையால் எடுத்தார். சொட்டிய எண்ணெயை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு, எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, கவிதாவின் வாயருகில் நீட்டினார். "எல்லாருக்கும் எடுத்து எடுத்துக் குடுத்தனீ, நீ சாப்பிட்டதை நான் காணேல்லை. ஆ காட்டு."

கவிதா வாயைத் திறந்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. காரம் என்று சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவுக்குப் போன் போட்டேன். பையன் எப்படி, அப்பா எப்படி, வேலை எப்படி என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாம் சொன்னேன். அவள் எதற்கும் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. கடைசியாக, "அந்தம்மா?" என்றாள்.

கொழுக்கட்டை ஊட்டியதைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"கையால ஊட்டினாங்களா?"

"ஆமாக்கா."

"கை கழுவிட்டுத்தான ஊட்டுனாங்க?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அழுகை வரும்போதெல்லாம் அக்கா இப்படி ஏதாவது கேட்பாள்.

"வந்ததும் வராததுமா முழங்கை வரைக்கும் கழுவினாங்கக்கா. நான் பாத்தேன்."

"அப்பச் சரி," என்றாள்.